இருநூற்றில் இருநூற்றொன்றாவது அப்புச்சி

ஆறுச்சாமிக்கு 'இல்லீங்க' என்று சொல்ல வராது.

திருப்பூர்ப் பக்கம் அருள்புரத்தில் அவருடைய பிரிண்டிங் யூனிட்டுக்கு யார் வந்து எதைக் கேட்டாலும் 'ஆமாங்க', 'ஆகட்டுங்க', 'பண்ணிப்போடலாங்க' என்ற மூன்றில் ஒன்றுதான் பதில். பனியன் நெஞ்சில் புலி அடிக்க வேண்டுமா? ஆகட்டுங்க. புலி இருட்டில் மின்ன வேண்டுமா? பண்ணிப்போடலாங்க. நாளைக்கே அனுப்ப முடியுமா? ஆமாங்க. அதற்கப்புறம் மகள் மைதிலி, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையருக்கு மெயில் போட்டு, நாளைக்கு என்றால் அடுத்த மாதம் என்று பக்குவமாகப் புரிய வைப்பாள். அப்பா வாக்குக் கொடுப்பதும் மகள் அதைக் கழுவித் துடைப்பதுமாக யூனிட் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

அந்த 'ஆமாங்க' வீட்டு விவகாரத்தில் நுழைந்தபோதுதான் வினை வந்தது.

மைதிலிக்கும் அவிநாசி சரவணக்குமாருக்கும் கல்லூரியிலிருந்தே பழக்கம். கட்டினால் இவனைத்தான் என்று அவளும், இவளைத்தான் என்று அவனும் இருந்தார்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு ஜோசியரைப் பிடித்து, ஜாதகம் எதேச்சையாகப் பொருந்தியது போலச் செய்து, பெரியவர்களே தேடிக் கண்டுபிடித்த சம்பந்தமாக அதை மாற்றியிருந்தார்கள். எல்லாம் கூடி வந்த நேரத்தில், பெண் பார்க்க வந்திருந்த சரவணக்குமாரின் அப்பா ஆத்தப்பன் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்க, உங்க பக்கத்துல யாராச்சும் குதிரை வெச்சிருந்தாங்களா?"

ஆத்தப்பனுக்கு நிட்டிங் யூனிட் உண்டு, தோட்டம் உண்டு. ஆனால் உயிர் பவளம் என்கிற குதிரையின் மேல். பவளத்தின் பெயரை ரேஷன் கார்டில் சேர்க்க வழியுண்டா என்று அவர் விசாரித்ததாக ஊரில் பேச்சு. சரவணக்குமாருக்கு முதலில் வந்த ஒரு நல்ல இடத்தை, பெண்ணின் சித்தப்பா பவளத்தைப் பார்த்து "கடிக்குங்களா?" என்று கேட்ட ஒரே காரணத்துக்காக வேண்டாம் என்றவர்.

இதெல்லாம் தெரிந்த மைதிலி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாங்க," என்றார் ஆறுச்சாமி. "எங்க அப்புச்சி வெச்சிருந்தாருங்க."

அப்புச்சி என்றால் அம்மாவைப் பெற்ற அப்பா. ஆறுச்சாமியின் அப்புச்சி தன் வாழ்நாளில் ஏறிய பெரிய வாகனம் டவுன் பஸ். அதிலும் பாதி வழியில் வாந்தி எடுத்து இறங்கிவிட்டவர்.

ஆத்தப்பனின் கண்கள் கலங்கிவிட்டன. "அதானுங்க பார்த்தேன். உங்க ஊட்டுக்குள்ள வந்தவுடனே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சுங்க. போட்டோ ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஆமாங்க. தேடோணுங்க."

தேடுவதாகச் சொல்லி ஒரு மாதத்தை ஓட்டிவிட்டார். நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று. போட்டோ விஷயத்தை சம்பந்தி மறந்துவிட்டார் என்றுதான் மைதிலியும் நினைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் வெண்டலின் ஆர்டர் யூனிட்டில் ஏறியது.

வெண்டல் ஓர் அமெரிக்க ஓவியர். பழைய கறுப்பு வெள்ளை சினிமாக் காட்சி மாதிரி ஒன்றை ஜோடித்து, அதற்கு ஆரஞ்சும் ஊதாவுமாக வண்ணம் ஏற்றிப் பெரிய பெரிய பிரிண்ட்டுகளாகப் போடுபவர். அவர்கள் ஊரில் அதை வரவேற்பறையில் மாட்டிக்கொள்வார்களாம். இந்த முறை அவர் அனுப்பிய படத்தில் ஒரு குதிரை பின்னங்கால்களில் எழும்பி நின்றது. அதன் மேல் அகலத் தொப்பி வைத்த ஒரு மனிதர், இடுப்பில் துப்பாக்கியோடு. பின்னால் செக்கச் செவேல் என்று பாறைத் தூண்கள். ஓரத்தில் புகை விடும் ரயில். வானம் முழுக்க, மேகத்தின் அளவுக்கு ஒரு பெண்ணின் முகம், கண்ணீர் வழிய.

கனமான பருத்தித் துணியில், பதினோரு கலரில், மெஷின் இல்லாமல் கையாலேயே ஸ்கிரீன் இழுத்து இருநூறு பிரதிகள் அடிக்க வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் 1/200, 2/200 என்று வரிசையாக எழுத வேண்டும். வேலை முடிந்ததும் வெண்டலே நேரில் வந்து கையெழுத்துப் போட்டு, படம் அடித்த வலையான ஸ்கிரீன்களைத் தன் கையால் கிழித்துவிட்டுப் போவார். அப்புறம் உலகத்தில் இருநூற்றொன்றாவது படம் என்று ஒன்று கிடையாது. அதுதான் அந்தப் படத்துக்கே மரியாதை.

மைதிலி, "இருநூறு பீஸ் மாஸ்டர், நம்பர் போட்டிருங்க," என்று பிரிண்டிங் மாஸ்டர் அந்தோணிராஜிடம் சொல்லிவிட்டு, நிச்சயப் புடவை எடுக்க அம்மா சித்ராதேவியோடு கோயம்புத்தூர் போனாள்.

திருப்பூரில் யாரும் இருநூறு என்றால் இருநூறு அடிக்க மாட்டார்கள். கறை படும், ஓட்டை விழும், செக்கிங்கில் கழியும். ஆகவே நூற்றுக்கு ஐந்து சேர்த்து அடிப்பது இங்கே மூச்சு விடுவது மாதிரி. யாரும் சொல்லவும் மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். அந்தோணிராஜ் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து அருள்புரத்திலேயே மீசை நரைத்தவர். இருநூற்றுப் பத்து அடித்தார். நம்பர் போடச் சொன்னதால் நம்பரும் போட்டார். 200/200-க்கு அடுத்தது 201/200. அதற்கடுத்தது 202/200. இப்படியே 210/200 வரை, குண்டு குண்டான எழுத்தில்.

அன்றைக்குப் பார்த்து ஆத்தப்பன் பல்லடத்தில் ஒரு வேலையாக வந்தவர், வழியில் சம்பந்தியைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று யூனிட்டுக்குள் நுழைந்தார். படங்கள் கயிற்றில் கிளிப் மாட்டிக் காய்ந்துகொண்டிருந்தன. வாசலுக்கு நேராகத் தொங்கியது இருநூற்றொன்று.

ஆத்தப்பன் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"சம்மந்தி... அப்புச்சிங்களா?"

ஆறுச்சாமி படத்தைப் பார்த்தார். சம்பந்தியின் நிறைந்த கண்களைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"ஆமாங்க."

"என்ன கம்பீரம்! இந்தத் தொப்பி?"

"வெயிலுக்குங்க."

"இடுப்புல துப்பாக்கி வெச்சிருக்காரே?"

"அப்பெல்லாம் காட்டுப் பன்னி தொந்தரவு ஜாஸ்திங்க."

"பொறவால தெரியறது ஊதியூர் மலைங்களா?"

"ஆமாங்க. அந்தக் காலத்துல."

"நல்ல செவப்பா இருந்திருக்காருங்க."

"மோரு நெறையக் குடிப்பாருங்க."

ஆத்தப்பன் இன்னும் கிட்டே போய் அண்ணாந்தார். "வானத்துல யாருங்க, அழுதுட்டு?"

"அப்புச்சி சம்சாரமுங்க, எங்க அம்மாயி."

"ஏனுங்க அழுவறாங்க?"

"அப்புச்சி வெளியூரு போனா வர நாளாகுங்க."

"கீழ 201/200-ன்னு போட்டிருக்குதே, சர்வே நம்பருங்களா?"

"ஆமாங்க."

"இத்தன காப்பி எதுக்குங்க அடிச்சிருக்கறீங்க?"

"ஒறம்பரை, சொந்தக்காரங்களுக்கெல்லாம் ஆளுக்கொண்ணு குடுக்கலாம்னுங்க."

"உங்க மனசே மனசுங்க," என்று ஆத்தப்பன் இருநூற்றொன்றைத் தானே கயிற்றிலிருந்து அவிழ்த்து, சுருட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

மாலையில் திரும்பி வந்த மைதிலி கயிற்றில் 202/200-ஐப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"மாஸ்டர், இருநூறுல இருநூத்தி ரெண்டு எப்படி வரும்?"

"ஏன் வராது பாப்பா? எக்ஸ்ட்ராலா? பையரு சந்தோசப்படுவாருலா?"

"அப்ப இருநூத்தி ஒண்ணு எங்க?"

அந்தோணிராஜ் முதலாளியைப் பார்த்தார். முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். விஷயம் முழுவதும் வெளியே வர அரை மணி நேரம் ஆனது. மைதிலி சரவணக்குமாருக்குப் போன் போட்டாள்.

"ஏய், உங்கப்பா கொண்டு வந்தது எங்கப்பாவோட அப்புச்சி கெடையாது. அது பையரோட ஆர்டரு. எப்படியாச்சும் திருப்பி அனுப்பு."

"லேட்டு பண்ணிட்டியே," என்றான் அவன். "பிரேம் போட்டாச்சு. சந்தன மாலை போட்டாச்சு. சீரியல் பல்பு ஓடுது. இப்பத்தான் பவளத்தைக் கூட்டிட்டு வந்து ஜன்னல் வழியாக் காட்டிட்டுப் போறாரு."

"விளையாடாத. அவருகிட்ட உண்மையைச் சொல்லு."

"நான் சொன்னா நாளைக்கே எனக்கு வேற பொண்ணு பார்ப்பாரு. நிச்சயம் முடியட்டும் மைதிலி. அதுக்கப்புறம் சொல்லிக்கலாம்."

நிச்சயம் வரை தாங்காது என்று அடுத்த நாளே தெரிந்துவிட்டது. வெண்டலோடு வீடியோ கால். வெண்டல் தன் முகத்தைக் காட்டுகிற ஆள் இல்லை. அவருடைய போன் எப்போதும் வீட்டுக் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். மைதிலி வேலை முடிந்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தோணிராஜ் பெருமையோடு குறுக்கே வந்து 204/200-ஐக் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

நெட் போய்விட்டது என்று அந்தோணிராஜ் போனைத் தட்டிப் பார்த்தார்.

பிறகு வெண்டல் பேசினார். குரல் உடைந்திருந்தது. இருநூறுக்கு மேல் இருக்கும் ஒவ்வொன்றும் தன் கண்ணெதிரே வர வேண்டும், ஒவ்வொன்றையும் தன் கையாலேயே வெட்ட வேண்டும், ஒன்று குறைந்தாலும் இருநூறையும் கொளுத்திவிட்டு ஊருக்குப் போவேன் என்றார். டிக்கெட் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. வந்து சேரும் நாள், நிச்சயத்துக்கு முதல் நாள்.

"எல்லாத்தையும் குடுத்தர்றோம்னு சொல்லு கண்ணு," என்றார் ஆறுச்சாமி, வழக்கம் போல. ஆனால் சம்பந்தியிடம் இருநூற்றொன்றைத் திருப்பிக் கேட்க வெண்டல் வரும்வரை அவருக்கு வாய் வரவில்லை.

வெண்டல் வந்து காரிலிருந்து இறங்கினார். உயரமான, வெயிலில் சிவந்த, ஒல்லி மனிதர். யூனிட் வாசலில் நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்து உள்ளே பார்த்தார்.

அந்தோணிராஜ் கையிலிருந்த பெயின்ட் டப்பாவை நழுவவிட்டார். "பாப்பா! படத்துல உள்ள ஆளு எறங்கி வந்துருக்காவ!"

மைதிலி படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அதே தாடை, அதே மூக்கு, அதே இடுக்கிய கண். கேட்டதற்கு வெண்டல் கொஞ்சம் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். மாடலுக்கு ஆள் தேடச் சோம்பல்பட்டு, கார் ஷெட்டில் ஒரு ஏணியின் மேல் தொப்பியோடு உட்கார்ந்து தன்னையே போட்டோ எடுத்துக்கொண்டாராம். ஏணி இருந்த இடத்தில் குதிரையை வரைந்து சேர்த்தாராம். நிஜக் குதிரையின் பக்கத்தில் போனால் அவருக்குத் தும்மல் நிற்காதாம்.

இருநூறு கையெழுத்தும் போட்டு முடித்தார். ஸ்கிரீன்களைக் கத்தியால் கிழித்தார். "நல்ல மெஷ்ஷு. கழுவுனா அடுத்த ஆர்டருக்கு ஆவும்," என்று அந்தோணிராஜ் ஒவ்வொரு கிழிசலுக்கும் தானே குத்துப்பட்டது போல முனகினார். எக்ஸ்ட்ரா படங்கள் வந்தன. ஒன்று கம்ப்ரஸர் மேல் தூசிக்குப் போர்த்தியிருந்தது. ஒன்றை ஆஷா என்ற செக்கிங் பெண் தூளி கட்டியிருந்தாள். இரண்டு, ஒடிசாப் பையன்களின் அறையில் ஜன்னலுக்குத் திரை. மற்றவை பேக்கிங் டேபிளுக்கு விரிப்பு. எல்லாவற்றையும் வெண்டல் குறுக்கும் நெடுக்குமாக வெட்டினார். வெட்டி முடித்து நிமிர்ந்தார்.

"இருநூற்றொன்று எங்கே?"

"கூட்டிட்டுப் போறமுங்க," என்றார் ஆறுச்சாமி.

கார் திருப்பூரைத் தாண்டியபோது மைதிலி அப்பாவைக் கேட்டாள். "நீங்க மட்டும் உள்ள போயி வாங்கிட்டு வந்துரலாமில்லீங்கப்பா?"

"அது தொங்கற எடத்தையே இவரு கண்ணால பார்க்கோணும்னு நிக்கறாரே கண்ணு."

"இவரு மொகத்தைப் பார்த்தா அவங்க என்ன நெனைப்பாங்க? நாளைக்கு ரெண்டு ஊடும் உப்புச்சக்கரைத் தட்டு மாத்துனாத்தான் நிச்சயம். உங்களுக்குப் பரவால்லீங்களா? என்ற கல்யாணமுங்கப்பா."

ஆறுச்சாமி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரம் போனதும் மைதிலி, "அந்த அப்புச்சி நெசமாலுமே என்னதான் பண்ணுனாரு?" என்றாள்.

"மாடு புடிச்சுட்டுப் போவாரு கண்ணு. வாங்கறவங்களுக்கும் விக்கறவங்களுக்கும் நடுவுல தரகு பேசுவாரு. அதைப் போயி சம்மந்திகிட்ட எப்படிச் சொல்றது?"

அவிநாசிக்குள் நுழைகிற திருப்பத்தில் வெண்டல் திடீரென்று காரை நிறுத்தச் சொன்னார். வீட்டு உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ். நடுவில் சரவணக்குமார், மைதிலி. ஓரத்தில் கைகூப்பிய ஆத்தப்பன், பக்கத்தில் பவளம். மேலே வட்டத்துக்குள் வெண்டல். கீழே, 'தெய்வத்திரு அப்புச்சி அவர்களின் நல்லாசியுடன் நிச்சயதார்த்த விழா.'

"அது நானா?" என்றார் வெண்டல்.

"ஆமாம்," என்றாள் மைதிலி. அந்தக் குடும்பத்துக்கு வாய் அப்படித்தான் போலிருக்கிறது.

"என்ன எழுதியிருக்கிறது?"

"நீங்கள் இறந்துவிட்டதாக."

வெண்டல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுச்சாமி இறங்கிப் போய், பக்கத்து ஒர்க்ஷாப்பில் ஒரு ஹெல்மெட்டை இரவல் வாங்கி வந்து அவருக்கு மாட்டிவிட்டார்.

ஆத்தப்பனின் மனைவி ஆயம்மாள் வாசலுக்கே வந்து வரவேற்றாள். "வாங்க, வாங்க. யாருங்க இவரு?"

"பையருங்க. அப்புச்சி படத்தைப் பார்க்கோணும்னாருங்க."

"கார்லதான வந்தீங்க? ஹெல்மெட்டு எதுக்குங்க?"

"அவங்கூரு பழக்கங்க. பெரியவங்க ஊட்டுக்குப் போனா கழட்ட மாட்டாங்க."

ஆயம்மாள் மரியாதையோடு தலையாட்டினாள். உள்ளே ஹாலில், சாமி படங்களுக்கு நேர் எதிரே, தங்க பிரேமுக்குள் குதிரை எழும்பி நின்றது. சந்தன மாலை. ஊதுபத்தி. சுற்றிலும் பச்சையும் சிவப்புமாக பல்பு ஓடிக்கொண்டிருந்தது. ஆத்தப்பன் சோபாவிலிருந்து எழுந்து, "அமெரிக்கா வரைக்கும் அப்புச்சி பேரு போயிருக்குது பாருங்க," என்று மகனிடம் சொன்னார். சரவணக்குமார் மைதிலியைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டான்.

ஆயம்மாள் ஒரு பெரிய சொம்பு நிறைய மோர் கொண்டு வந்து வெண்டலிடம் நீட்டினாள். வெண்டல் வாங்கினார். ஹெல்மெட்டின் முன்பக்கத்தில் சொம்பு முட்டியது. திருப்பிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், மோர் சட்டையில் ஊற்றியது. அதே நேரம் கொட்டகைப் பக்கமிருந்து பவளத்தின் வாடை காற்றில் வந்தது. ஹெல்மெட்டுக்குள்ளேயே நான்கைந்து தும்மல் வெடித்தது. மூச்சு முட்டிப் போய் மனிதர் அதைக் கழற்றி எறிந்தார்.



ஆத்தப்பன் சுவரைப் பார்த்தார். வெண்டலைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

ஆயம்மாள்தான் முதலில் அலறினாள். "அய்யோ சாமி! உசிரோட இருக்கற மனுசனுக்கு மாலை போட்டுட்டமே! ஊதுபத்தி வெச்சுட்டமே! அந்தப் பாவம் நம்ம தலையிலயல்லோ வந்து உழுகும்!" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மாலையைப் பிய்த்து, பல்பு வயரைப் பிடுங்கினாள். அப்படியே சமையலறைக்கு ஓடி உப்பும் மிளகாயும் எடுத்து வந்து வெண்டலை உட்கார வைத்துத் தலையைச் சுற்ற ஆரம்பித்தாள். வெண்டல் இதுவும் மரியாதை என்று நினைத்துக் கைகூப்பினார்.

"சம்மந்தி," என்றார் ஆத்தப்பன், மெதுவாக. "இது யாரு?"

மைதிலி முன்னால் வந்தாள். "மாமா, நான் சொல்றனுங்க. இவரு படம் போடறவரு. அந்தப் படத்துல இருக்கறதும் இவருதானுங்க. நீங்க கேட்டப்ப எங்க அப்பாவுக்கு..."

"நீ இரு அம்முணி. சம்மந்தி வாயால சொல்லட்டும். உங்க அப்புச்சி குதிரை வெச்சிருந்தாருங்களா, இல்லீங்களா?"

'ஆ' என்று ஆறுச்சாமியின் வாய் தானாகத் திறந்தது. மைதிலி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வாயை மூடினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பல் பிடுங்கிக்கொள்கிறவர் போல,

"இல்லீங்க," என்றார்.

"கழுதை?"

"இல்லீங்க." இரண்டாவது முறை கொஞ்சம் எளிதாகவே வந்தது.

ஆத்தப்பன் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். "ஊரெல்லாம் பிளெக்ஸ் வெச்சிருக்கறேன். காலைல ஒறம்பரை அத்தனை பேரும் அப்புச்சியைப் பார்க்க வர்றாங்க. குதிரையே இல்லாத குடும்பம்னு தெரிஞ்சா நான் எப்படிங்க உப்புச்சக்கரை மாத்தறது?"

"அப்பா, நான் கட்டிக்கப் போறது மைதிலியைத்தான், குதிரையை இல்ல," என்றான் சரவணக்குமார். அந்த வீட்டில் அப்படியொரு வாக்கியம் அதற்கு முன் பேசப்பட்டதில்லை. கொட்டகையில் பவளம்கூடச் சத்தமாகக் கனைத்தது.

என்ன நடக்கிறது என்று வெண்டல் மைதிலியிடம் கேட்டார். நீங்கள் என் கொள்ளுத் தாத்தா இல்லை என்பதால் என் கல்யாணத்தை நிறுத்தலாமா என்று யோசிக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். வெண்டல் மிளகாய் நெடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ நீளமாகப் பேசினார்.

"என்ன சொல்றாரு?" என்றார் ஆத்தப்பன்.

"அவங்க நாட்டுல எல்லாருக்கும் இப்படி ஒரு தாத்தா உண்டாமுங்க மாமா. குதிரை, தொப்பி, துப்பாக்கியோட. ஆனா யாருக்கும் நெசமா இருந்ததில்லையாமுங்க. எல்லாம் சினிமாவுல பார்த்து மனசுல வெச்சுக்கறதுதானாமா. இவரோட தாத்தா பல் டாக்டராமுங்க."

"குதிரைக்கா?"

"மனுசனுக்குங்க."

"ச்சே," என்றார் ஆத்தப்பன், உண்மையான வருத்தத்தோடு. "அப்ப இந்தத் தொப்பிக்காரங்கன்னு ஒருத்தரும் இருந்ததே இல்லீங்களா?"

மைதிலி கேட்டுச் சொன்னாள். "இருந்தாங்களாமுங்க. ஆனா சினிமாவுல வர்ற மாதிரி சண்டைக்காரங்க இல்லியாம். மாடு ஓட்டறவங்களாமா. தூரத்துச் சந்தைக்கு மாட்டை ஓட்டிட்டுப் போறதுதான் அவங்க பொழப்பாமுங்க." சொல்லிவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆறுச்சாமி தரையைப் பார்த்தபடி சொன்னார். "எங்க அப்புச்சி அதைத்தானுங்க பண்ணுனாரு."

"என்னது?"

"மாட்டை ஓட்டிட்டுக் கண்ணபுரம் சந்தைக்குப் போவாருங்க. நடந்து."

ஆத்தப்பன் நிமிர்ந்தார். "எத்தன மாடு?"

"ரெண்டு. மூணுங்க."

"தொப்பி?"

"உருமாலைதானுங்க."

"துப்பாக்கி?"

"மாடு ஓட்டற தார்க்குச்சிங்க."

"அம்மாயி அழுவாங்களா?"

"வைவாங்க. தெரு முக்கு வரைக்கும் கேக்குமுங்க."

ஆத்தப்பன் எழுந்து படத்தின் முன்னால் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "அப்பக் குதிரை ஒண்ணுதான் கொறை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு சட்டென்று திரும்பினார். குரலில் பழைய மிடுக்கு வந்திருந்தது. "ஏனுங்க சம்மந்தி, குதிரை இருக்கறவனுக்குக் குதிரை குடுத்தா அதுல என்ன பெருமை? நாங்க மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க. உங்க அப்புச்சிக்கு இந்தப் படத்துக் குதிரை எங்க சீருன்னு வெச்சுக்கங்க."

"அவரு செத்து நாப்பது வருசமாச்சுங்களே," என்றார் ஆறுச்சாமி.

"அதனால என்னங்க? தீனிச் செலவு மிச்சம்."

ஆயம்மாள் குறுக்கே வந்தாள். "நீங்க என்ன வேணாலும் பண்ணிக்குங்க. உசிரோட இருக்கறவரு படம் ஒரு நிமிசம் என்ற செவுத்துல இருக்கக் கூடாது."

வெண்டலும் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு அதையேதான் வேறு பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆத்தப்பன் இருவரையும் கையமர்த்தினார்.

"ஆளுதான ஆகாது? குதிரை என்ன பாவம் பண்ணுச்சு? அம்முணி, அவரைக் கேளு. அவரை மட்டும் வெட்டி எடுத்துட்டுப் போகட்டும். எங்க குதிரை எங்களுக்கு."

வெண்டல் யோசித்தார். படம் கெட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய கணக்கு. மனிதன் இல்லாவிட்டால் அது இருநூற்றொன்று ஆகாது என்று ஒப்புக்கொண்டார். பிரேமைக் கழற்றித் துணியைத் தரையில் விரித்து, மண்டியிட்டு உட்கார்ந்து, தொப்பியின் விளிம்பிலிருந்து ஆரம்பித்தார். சரவணக்குமார் மூலையைப் பிடித்துக்கொண்டான். மைதிலி டார்ச் அடித்தாள். குதிரையின் பிடரியில் கத்தி பட்டுவிடக் கூடாது என்று ஆத்தப்பன் குனிந்து நின்று மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக பூட்ஸ் காலும் பிரிந்து வந்தது. வெண்டல் தன்னையே நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

காலையில் நிச்சயத்துக்கு ஒறம்பரை வந்து குவிந்தது. பிளெக்ஸில் வட்டம் இருந்த இடத்தில் மட்டும் யாரோ பனியன் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஹாலுக்குள் வந்தவர்கள் எல்லோரும் நேரே தங்க பிரேமுக்கு முன்னால் போய் நின்றார்கள். குதிரை எழும்பி நின்றது. செம்பாறை இருந்தது, ரயில் இருந்தது, வானத்தில் பெண் இருந்தாள். சேணத்தின் மேல், தொப்பி வைத்த ஆள் வடிவத்தில் ஒரு பெரிய ஓட்டை. ஓட்டைக்குள் ஆத்தப்பன் வீட்டுச் சுவரின் பச்சை பெயின்ட் தெரிந்தது.

ஆத்தப்பனின் பெரியப்பா மகன் ராக்கையா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஏப்பா ஆத்தப்பா, குதிரை இருக்குது. ஆளைக் காணமே?"

"மாட்டை ஓட்டிட்டு நடந்து போயிருக்காருங்கண்ணா," என்றார் ஆத்தப்பன். "கண்ணபுரம் சந்தைக்கு."

ராக்கையா குதிரையின் கால்களையும், சேணத்தையும், அந்தப் பச்சை மனிதனையும் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார்.

"குதிரை இருந்தும் நடந்து போயிருக்காரு பாரு," என்றார் பக்கத்தில் நின்றவரிடம். "அந்தக் காலத்து ஆளுங்க அப்படித்தான். பெரிய குடும்பம்."

உள்ளே, ஆயம்மாள் உப்புத் தட்டை எடுத்துச் சித்ராதேவியின் கையில் கொடுத்தாள். சித்ராதேவி சக்கரைத் தட்டை எடுத்து ஆயம்மாள் கையில் கொடுத்தாள். மைதிலி அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தாள்.